இடிகுடம்: வாலைக்கு ஓர் இரண்டாம் பானை

எங்கள் ஸ்காபரோ வீட்டின் பேஸ்மென்றில் இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள் ஒரு குழாயால் இணைக்கப்பட்டு நிற்கின்றன. இரண்டாவது பாத்திரத்திலிருந்து புறப்படும் இன்னொரு குழாய், ஒரு வாளித் தண்ணீருக்குள் சுருள் சுருளாக இறங்கி வெளியே வந்து ஒரு போத்தலின் வாய்க்கு மேல் நிற்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் இதைக் கண்டதும் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான்: "உதென்ன, கசிப்புப் போடுறியளோ?"

இல்லை. இது ஓமத் தீநீர் வடிப்பதற்கான வாலை. ஆனாலும் கேட்பவர்கள் மீது குற்றமில்லை. இதே அமைப்பைத்தான் ஜமெய்க்காவின் றம் வடிசாலைகளும், அமெரிக்க மலைநாட்டுக் கள்ளச் சாராயக்காரரும், எங்கள் ஊர்ப் பற்றைகளுக்குள் கசிப்புக் காய்ச்சியவர்களும் ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்தினார்கள். இரண்டாவது பானைக்கு ஆங்கிலத்தில் 'தம்பர்' என்று பெயர். ஆவி உள்ளே நுழையும்போது 'தம், தம்' என்று இடிக்கும் சத்தத்தால் வந்த பெயர் அது. தமிழில் அதற்கு நிலைத்த சொல் எதையும் நான் காணவில்லை. இக்கட்டுரையில் 'இடிகுடம்' என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த இரண்டாம் பானை எப்படி வேலை செய்கிறது, எங்கிருந்து வந்தது, எதைச் செய்யும், எதை ஒருபோதும் செய்யாது என்பவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கடைசியாகச் சொன்னது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

வாலையும் வடித்தலும்

சித்த மருத்துவத்தில் காய்ச்சி வடிக்கும் கருவிக்கு வாலை என்று பெயர். வாலையில் இட்டு வடித்து எடுப்பது தீநீர். ஓமத் தீநீர், சோம்புத் தீநீர் என்பன அவ்வாறு வந்தவை. மதுசாரத்தை வடித்தால் அது சாராயம். 'அறாக்' என்ற சொல் அரபு மொழியில் வியர்வையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மூடியின் உட்புறத்தில் துளிர்த்து வழியும் துளிகளைப் பார்த்தவர் யாரோ வைத்த பெயர். நாங்கள் சோற்றிலிருந்து கஞ்சியை இறுப்பதற்கும் வடித்தல் என்கிறோம், சாராயம் எடுப்பதற்கும் வடித்தல் என்கிறோம். இலங்கைத் தமிழில் மதுசாரம் வடிக்கும் இடத்துக்கு வடிசாலை என்ற அழகான சொல் இருக்கிறது. வடமராட்சியின் திக்கம் வடிசாலையை அறியாத யாழ்ப்பாணத்தார் குறைவு. பனங்கள்ளிலிருந்து அங்கே சாராயம் வடித்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. பானையில் இருப்பதைச் சூடாக்க வேண்டும், எழும் ஆவியைக் குளிர்விக்க வேண்டும், ஒடுங்கி வருவதை ஏந்த வேண்டும்.

ஒற்றைப் பானையின் குறை

எண்பது வயதைத் தாண்டிய என் அம்மாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மடக்கு ஓமத்தண்ணி வேண்டும். தமிழ்க் கடைகளில் போத்தலில் கிடைப்பது அவவுக்குப் பிடிப்பதில்லை. "உதிலை மணமும் இல்லை, காரமும் இல்லை" என்பா. அதனால் ஒரு குளிர்காலத்தில் நானே வடிக்க முனைந்தேன். ஒற்றைப் பானை, அதற்குள் இடித்த ஓமமும் தண்ணீரும், மேலே குழாய். முதல் அரை மணி நேரம் வீடெல்லாம் ஓம வாசம். பிறகு வேறொரு வாசம் வந்தது. ஓமம் அடியில் படிந்து கருகத் தொடங்கிவிட்டது. கருகல் மணம் ஆவியோடு சேர்ந்து போத்தலுக்குள் இறங்கிவிட்டால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. அம்மா ஒரு மிடறு வாயில் வைத்துவிட்டு, "அடி பிடிச்சுப் போச்சு" என்றா. அவ்வளவுதான், அத்தனையையும் கவிழ்த்து ஊற்றினேன்.

கூழாக இருக்கும் எதையும் நேரடி நெருப்பில் வடிக்கும்போது இந்தச் சிக்கல் வரும். தானியக் கூழ், பழக்கூழ், விதை, இலை எல்லாவற்றுக்கும் இது பொது. இதற்குத் தீர்வு, நெருப்பையும் வடிக்கவேண்டிய பொருளையும் பிரித்துவிடுவது. நெருப்பு ஒரு பானைக்கு, பொருள் இன்னொரு பானைக்கு. இரண்டுக்கும் நடுவே தூது போவது ஆவி.

ஆவி சுமந்து செல்லும் வெப்பம்

இடிகுடத்தைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். ஒரு கிலோகிராம் தண்ணீரை 20 பாகை செல்சியஸிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கச் சுமார் 335 கிலோயூல் வெப்பம் தேவை. அதே தண்ணீரை ஆவியாக்க மேலும் சுமார் 2257 கிலோயூல் வேண்டும். இது ஏறக்குறைய ஏழு மடங்கு. பள்ளிக்கூடத்தில் மறைவெப்பம் என்று படித்தோமே, அதுதான் இது. ஆவி மறுபடி தண்ணீராக ஒடுங்கும்போது இவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே ஒரு லீற்றர் தண்ணீரின் ஆவி, ஆறரை லீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். கொதிக்கும் தண்ணீரைவிடக் கொதிநீராவி கையை மோசமாகச் சுடுவதும் இதனால்தான்.

என் இரண்டாம் பாத்திரத்தில் அரைக் கிலோ ஓமமும் மூன்று லீற்றர் தண்ணீரும் இருக்கின்றன. அதைக் கொதிக்க வைக்கச் சுமார் அரை லீற்றர் நீரின் ஆவி அதற்குள் ஒடுங்கவேண்டும். பாத்திரச் சுவரால் இழக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதாவது கூழ் அந்த அளவுக்கு நீர்க்கும். அதற்கு இடம் விட்டுத்தான் பாத்திரத்தை நிரப்பவேண்டும். பாதிக்கு மேல் நிரப்புவதில்லை என்பது என் வழக்கம். நுரைத்து எழுந்தால் கூழே குழாய்க்குள் ஏறிவிடும்.

சத்தமும் ஒரு வெப்பமானிதான். தொடக்கத்தில் குளிர்ந்த கூழுக்குள் ஆவிக் குமிழிகள் நுழைந்த உடனேயே சுருங்கி உடைகின்றன. அப்போது சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். கூழ் சூடேறச் சூடேறக் குமிழிகள் உடையாமல் மேலே வரத் தொடங்கும். தட்டல் தணிந்து கனத்த கொதிப்பாக மாறும். அந்த மாற்றம் கேட்ட சில நிமிடங்களில் சுருளின் முனையில் முதல் துளி விழும்.

232 பாகையில் கொதிப்பது 100 பாகைக்குள் வருவது எப்படி?

ஓமத்தின் மணத்துக்கும் காரத்துக்கும் காரணமான பொருள் தைமோல். அது தனியாகக் கொதிப்பது 232 பாகையில். அப்படியிருக்க, 100 பாகையைத் தாண்டாத நம் பானையிலிருந்து அது எப்படி வெளியேறுகிறது?

உயர்தர வகுப்பு இரசாயனத்தில் 'கொதிநீராவிக் காய்ச்சி வடிப்பு' என்று படித்ததன் பொருள் எனக்கு இந்தப் பேஸ்மென்றில்தான் முழுதாக விளங்கியது. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றிலொன்று கரைவதில்லை. ஆகவே ஒவ்வொன்றும் மற்றது இல்லாததுபோலவே தன் ஆவியமுக்கத்தைக் கொடுக்கிறது. இரண்டும் கூடி வளிமண்டல அமுக்கத்தைத் தொட்டதும் கலவை கொதிக்கிறது. எண்ணெயின் பங்கு சிறியதே. ஆனால் அந்தச் சிறு பங்கு ஆவியோடு தொடர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தைமோல் கொதிப்பதில்லை, நீராவியின் தோளில் ஏறிப் பயணம் செய்கிறது என்று சொல்லலாம். நீராவி பொருளினூடே புகுந்து அதிலுள்ள எளிதில் ஆவியாகக் கூடியவற்றை வாங்கிக்கொண்டு போவதால் இம்முறையை 'ஆவி வாங்கல்' என்றும் சொல்லலாம்.

ஓம விதையில் எண்ணெய் பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 4 வரை இருக்கும். அரைக் கிலோவில் அதிகபட்சம் 10 முதல் 20 கிராம் வரை எதிர்பார்க்கலாம். தைமோல் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு கிராம்தான் கரையும். மீதி எண்ணெயாக மேலே மிதக்கும். மிதக்கும் எண்ணெயைப் பிரித்துவிட்டு அடியிலுள்ள நீரைத்தான் எடுக்கவேண்டும். அந்த எண்ணெய் மிகக் காரமானது, குடிக்கக்கூடியதல்ல. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.

இரண்டு வகை இடிகுடங்கள்

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பலர் குழம்பும் இடம் இது.

முதற் பானையில் வெறும் தண்ணீர் மட்டும் இருந்தால், இடிகுடத்தில் நடப்பது ஒரே ஒரு வடித்தல். அடி பிடிக்காது என்பதே இதன் பயன். இது என் வீட்டு வகை.

முதற் பானையிலேயே நொதித்த கள்ளோ ஊறலோ இருந்தால் கதை வேறு. உதாரணமாக 10 வீத மதுசாரமுள்ள ஊறல் கொதிக்கும்போது முதலில் எழும் ஆவியில் மதுசாரம் 50 வீதத்தைத் தாண்டியிருக்கும். ஊறலில் மதுசாரம் குறையக் குறைய ஆவியிலும் குறையும். எல்லாம் சேர்ந்து போத்தலில் சராசரி 30 வீதம் அளவில் நிற்கும். அதை வலுவாக்க இன்னொரு தரம் நெருப்பில் ஏற்றி வடிக்கவேண்டும். இடிகுடம் இருந்தாலோ முதற் பானையின் ஆவி அதற்குள் ஒடுங்கி, தன் மறைவெப்பத்தைக் கொடுத்து, அங்கிருக்கும் திரவத்தையே மறுபடி கொதிக்க வைக்கிறது. இரண்டாவது நெருப்பில்லாமலே இரண்டாவது வடித்தல் நடந்துவிடுகிறது. விறகும் நேரமும் மிச்சம்.

மோன்பெலியேயில் ஒரு பேராசைக்காரர்

இந்தச் சிக்கனத்தைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியவர் எதுவார் அதாம் என்ற பிரெஞ்சுக்காரர். 1768இல் ரூவான் நகரில் பிறந்தவர். தென் பிரான்சின் மோன்பெலியேயில் இரசாயன விரிவுரை ஒன்றைக் கேட்கப் போன இடத்தில், பல கழுத்துப் போத்தல்களைக் குழாய்களால் தொடுத்து வாயுக்களைக் கழுவும் கருவியைப் பார்த்தார். பீற்றர் வூல்ஃப் என்ற இரசாயனவியலாளரின் பெயரால் அறியப்படும் கருவி அது. அதையே முட்டை வடிவச் செப்புப் பாத்திரங்களாகப் பெருப்பித்து, வைனிலிருந்து ஒரே தடவையில் வலுவான மதுசாரம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு 1801இல் காப்புரிமை பெற்றார்.

அவருக்குக் கிடைத்தது வழக்குகள். பார்த்தவர்கள் எல்லோரும் சிறு மாற்றம் செய்து தங்களுடையது என்றார்கள். நீதிமன்றங்களில் அலைந்து நொந்து, 1807இல் நாற்பது வயதுகூட நிறையாமல் அதாம் இறந்துபோனார். 1830இல் அயர்லாந்தின் முன்னாள் கலால் அதிகாரி ஈனியஸ் கொஃபி காப்புரிமை பெற்ற தொடர் வடிகம்பமும், ஆவியைக் கொண்டே மறுபடி காய்ச்சும் இதே எண்ணத்தின் நீட்சிதான். ஒரு கம்பத்தினுள் அடுக்கடுக்காகப் பல இடிகுடங்கள் நிற்பதாகக் கற்பனை செய்தால் அது விளங்கிவிடும்.

கயானாவின் மரப்பானைகள்

இடிகுடம் இன்றும் பெரிய அளவில் வாழ்வது கரிபியன் கரைகளில். ஜமெய்க்காவில் ஒரு பெரிய செப்புப் பானையை அடுத்து இரண்டு குடங்கள் வரிசையாக நிற்கும். முதலாவதில் முன்னைய வடிப்பின் வலுக்குறைந்த பகுதி, இரண்டாவதில் வலுக்கூடிய பகுதி. ஊறலிலிருந்து 80 வீதத்துக்கு மேற்பட்ட றம் ஒரே ஓட்டத்தில் இறங்கும்.

தென்னமெரிக்காவின் கயானாவில் டெமரறா ஆற்றங்கரையிலுள்ள டயமண்ட் வடிசாலையில் இன்னும் விந்தையானது ஒன்று இருக்கிறது. கிறீன்ஹார்ட் என்னும் வைர மரத்தால் செய்த இரட்டைப் பானை. முதல் மரப்பானையின் ஆவி இரண்டாவது மரப்பானைக்குள் போய் அதைக் காய்ச்சும். அதன் வரலாறு 1732 வரை போகிறது என்கிறார்கள் அதன் உரிமையாளர்கள். பலகைகள் எத்தனையோ தரம் மாற்றப்பட்டிருக்கும், அமைப்பு மாறவில்லை. அது முதலில் நின்ற கரும்புத் தோட்டத்தின் பெயர் போர்ட் மூரன்ற். பேர்பீஸ் பகுதியிலுள்ளது.

இந்தப் பெயரைத் தமிழர்கள் ஞாபகம் வைத்திருக்கவேண்டும். 1838இல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கயானாவுக்கு ஏற்றிச் செல்வது தொடங்கியது. 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அவற்றில் போன தமிழரும் தெலுங்கரும் அங்கே 'மதராசி' எனப்பட்டனர். பேர்பீஸ் தோட்டங்களில் அவர்களின் தொகை கணிசம். மொழி போய்விட்டது. மாரியம்மனும் மதுரை வீரனும் போகவில்லை. அங்கத்தைய காளிமாய் வழிபாட்டில் மதுரை வீரனுக்கு றம் படைப்பார்கள். அந்த வழிபாடு கயானாவிலிருந்து ரொறன்ரோவுக்கும் குடிபெயர்ந்திருக்கிறது. கரும்பு வெட்டியவர்களின் சந்ததிக்கு அந்த மரப்பானையின் இடியோசை அந்நியமான ஒன்றல்ல.

ரொறன்ரோவுக்கும் இதில் பங்குண்டு. நகரின் ஏரிக்கரையில் 1832இல் ஒரு காற்றாலை மாவு மில்லாகத் தொடங்கி, 1837இல் சாராயம் வடிக்க ஆரம்பித்த குடெர்ஹாம் அண்ட் வேர்ட்ஸ் நிறுவனம், 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் உலகின் பெரிய வடிசாலைகளில் ஒன்று. முதலாம் உலகப் போரின்போது அங்கே மதுவுக்குப் பதிலாக வெடிமருந்துத் தொழிலுக்கான அசற்றோன் செய்தார்கள். 1990இல் அது மூடப்பட்டது. 2003இல் அதே செங்கற் கட்டிடங்கள் 'டிஸ்ரிலறி டிஸ்ரிக்ற்' என்ற பெயரில் கலைக்கூடங்களும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டன. கல்யாணப் படம் எடுக்க எங்கள் பிள்ளைகள் போய் நிற்கும் அந்தக் கற்சுவர்கள் 1859-60இல் எழுந்த வடிசாலையின் சுவர்கள்.

என் வீட்டு அமைப்பு

முதற் பாத்திரம் 8 லீற்றர் கொள்ளக்கூடியது. அதில் 5 லீற்றர் தண்ணீர். அடியில் 1500 வாற்று மின் அடுப்பு. காஸ் அடுப்பை மூடிய அறையில் பல மணி நேரம் எரிப்பது கார்பன் மொனொக்சைட்டை வரவழைப்பது, அது வேண்டாம். இரண்டாவது 10 லீற்றர்ப் பாற்கான். இணைப்புக் குழாய் கூழுக்குள் இறங்கி, அடியிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் முடிகிறது. குழாய் அகலமாக இருக்கவேண்டும், 12 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஓமத்தை மாவாக்காமல் ஒன்றிரண்டாக இடிக்கவேண்டும். மாவானால் குழாய் வாயை அடைக்கும்.

பாற்கானைச் சுற்றிப் பழைய கம்பளி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். முதல் தடவை கட்டவில்லை. ஜனவரிக் குளிரில் பாத்திரமே ஒடுக்கியாகிவிட்டது. ஆவி போய்க்கொண்டே இருந்தது, துளி விழவில்லை.

ஒடுக்கிக்குக் குழாய்த் தண்ணீர். ரொறன்ரோ நீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது. குளிர்காலத்தில் கையை விறைக்க வைக்கும். எல்லோருக்கும் இது வரப்பிரசாதம், ஓமம் வடிப்பவனுக்கு மட்டும் இடைஞ்சல். தைமோல் ஏறக்குறைய 50 பாகையில் உறையும் பொருள். சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அது பளிங்காகப் படிந்து வழியை அடைக்கக்கூடும். ஆகவே வாளித் தண்ணீர் இளஞ்சூடாகும் வரை விட்டு, மெதுவாகத்தான் குளிர்நீரை ஓட விடுகிறேன். இணைப்புகளில் ஈயப் பற்றாசு கூடாது. பழைய கார் ரேடியேற்றரை ஒடுக்கியாக்குவது கள்ளச் சாராயக்காரர்கள் செய்த பெரும் பிழைகளில் ஒன்று. அதிலுள்ள ஈயம் பலரை முடமாக்கியிருக்கிறது.

இரண்டு ஆபத்துகள்

மூன்றாவது தடவை எல்லாம் நன்றாக முடிந்தது என்று எண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்க மேலே போனேன். கீழே ஏதோ உறிஞ்சும் சத்தம். ஓடி வந்து பார்த்தால் பாற்கானிலிருந்த ஓமக்கூழ் பாதி முதற் பாத்திரத்துக்குள் போயிருந்தது. அதன் மூடி உள்ளே குழிந்திருந்தது.

நடந்தது இதுதான். நெருப்பு நின்றதும் முதற் பாத்திரத்தில் நிறைந்திருந்த ஆவி ஒடுங்கிற்று. உள்ளே வெற்றிடம் உண்டாயிற்று. கூழுக்குள் மூழ்கியிருந்த குழாய் உறிஞ்சு குழலாகிவிட்டது. இடிகுடம் வைத்த எல்லோருக்கும் ஒரு தடவையாவது நேர்வது இது.

மற்ற ஆபத்து இதன் மறுபக்கம். கூழ் குழாய் வாயை அடைத்தால் முதற் பாத்திரம் மூடிய குண்டாகிவிடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, ஆய்வுகூடங்களில் பழங்காலந்தொட்டு இருக்கும் பாதுகாப்புக் குழாய். முதற் பாத்திர மூடியினூடாக ஒரு மீற்றர் உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செருகவேண்டும். அதன் கீழ்முனை தண்ணீருக்குள் 15 சென்ரிமீற்றர் மூழ்கியிருக்க, மேல்முனை திறந்திருக்கும். அமுக்கம் கூடினால் அதற்குள் நீர்மட்டம் உயர்ந்து எச்சரிக்கும். வெற்றிடம் வந்தால் அதன் வழியே காற்று உள்ளே நுழையும். இணைப்புக் குழாயின் வளைவைக் கூழ்மட்டத்திலிருந்து 40 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தால், கூழ் அந்த உயரத்துக்கு ஏறுமுன் காற்று நுழைந்துவிடும். குழாய்களில் எங்கும் திறப்பான் பூட்டக்கூடாது, கடைசி முனை எப்போதும் திறந்திருக்கவேண்டும். வடிப்பு நடக்கும்போது விட்டுவிட்டுப் போகக்கூடாது. தண்ணீர் வற்றுமுன் நிறுத்தவேண்டும்.

சட்டமும் நஞ்சும்

எங்கள் தெருவில் வடமராட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். அண்ணை என்று கூப்பிடுவேன். இதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "தம்பி, சீனியை ஊற வைச்சு உதிலை வடிச்சால் நல்ல சாமான் வருமல்லோ?"

வரும். ஆனால் கனடாவில் அது குற்றம். வீட்டுத் தேவைக்குப் பியரும் வைனும் செய்துகொள்ளலாம். அனுமதிப்பத்திரமின்றி மதுசாரம் வடிப்பதையும், அந்த நோக்கத்தோடு வாலை வைத்திருப்பதையும் 2003 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள கலால் சட்டம் தடுக்கிறது. நியூசிலாந்து 1996 முதல் வீட்டில் வடிக்க அனுமதித்திருக்கிறது. நாம் இருப்பது நியூசிலாந்தில் அல்ல. தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஓமத்தண்ணி ஒழுகினால் துடைக்கலாம். மதுசார ஆவி ஒழுகினால் வீடு எரியும்.

அண்ணை விடவில்லை. "ஊரிலை ஒருத்தர் கசிப்புக் குடிச்சுக் கண் தெரியாமல் போனவர். அது ஒரு தரம் வடிச்சதாலை. உப்பிடி ரெண்டு பானை இருந்திருந்தால் நஞ்சு போயிருக்குமெல்லோ?"

இந்த நம்பிக்கை பரவலானது. இதற்காகத்தான் இக்கட்டுரையையே எழுதத் துணிந்தேன். பதில்: போயிருக்காது.

கண்ணைப் பறிக்கும் நஞ்சு மெதனோல். உடலில் அது ஃபோமிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது, உயிரையும் எடுக்கிறது. சீனி ஊறலிலோ பனங்கள்ளிலோ மெதனோல் இயல்பாக மிகக் குறைவாகவே உண்டாகும். கூட்டமாக மக்கள் இறக்கும் சம்பவங்களில் பொதுவாக யாரோ ஆலைக்குரிய மெதனோலைக் கலந்திருப்பார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டது அப்படித்தான். கலந்த மெதனோலை இடிகுடம் அகற்றாது. மெதனோல் 65 பாகையில் கொதிப்பது, எதனோல் 78இல் கொதிப்பது, ஆகவே முதலில் வருவதை ஊற்றிவிட்டால் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. தண்ணீரோடு கலந்திருக்கையில் இரண்டும் ஒன்றையொன்று விடாமல் தொடக்கம் முதல் முடிவு வரை சேர்ந்தே வரும். இரண்டாம் பானை எதனோலை வலுவாக்கும்போது மெதனோலையும் சேர்த்தே வலுவாக்கும். நாக்குக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது. நெருப்பு வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அப்படியானதைக் குடித்தவருக்குப் பார்வை மங்கினால், வயிறு வலித்தால், விடியட்டும் என்று பார்த்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். மருந்து இருக்கிறது. நேரத்துக்குப் போனால் பிழைப்பார்கள்.

அண்ணை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அந்த மனிசன் காய்ச்சினவனிலை பிழையில்லை எண்டு சொல்லிக்கொண்டே செத்தது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது ஒரு போத்தல் ஓமத்தண்ணி கொடுத்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள்

இடிகுடம் என்ற சொல்லை நானாக வைத்தேன். ஆனால் திக்கத்திலும் மற்ற வடிசாலைகளிலும் வேலை செய்தவர்கள் ஒவ்வொரு பானைக்கும் குழாய்க்கும் ஏதோ ஒரு பெயர் வைத்துத்தான் புழங்கியிருப்பார்கள். முதலில் இறங்குவதற்கு ஒரு பெயர், கடைசியில் இறங்குவதற்கு ஒரு பெயர் என்று அவர்களிடம் சொற்கள் இருந்திருக்கும். அவர்களிற் சிலர் இன்று எங்களைப்போல மார்க்கமிலும் மிசிசாகாவிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடும். வாசகர்களில் யாருடைய தந்தையாவது மாமாவாவது அப்படி இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். சொல் கிடைத்தால் என் சொல்லை மகிழ்ச்சியோடு விட்டுவிடுவேன்.

அம்மா இப்போது தரும் சான்றிதழ் இரண்டு சொற்கள்தான். "அடி பிடிக்கேல்லை."